கமாரோவின் பின்பட்டை: சக்கரக் குதிப்பை நிறுத்திய வேலை

முதல் கியரில் கிளட்சை விட்ட மறு நொடி பின்னாலிருந்து தடதடவென்று அடி விழுந்தது. டிக்கிக்குள் யாரோ சம்மட்டியோடு உட்கார்ந்து தரைத் தகட்டை அடிப்பதுபோல் இருந்தது. கண்ணாடி ஆடியது, ஸ்டீயரிங் நடுங்கியது, வண்டி மட்டும் முன்னால் போகவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எல்லாம் அடங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். டயரின் கறுப்புத் தடம் ஒரே கோடாக இல்லை. விட்டு விட்டு, தையல் போட்டதுபோல் சாண் சாணாக விழுந்திருந்தது.

இதைத்தான் இங்கே வீல் ஹாப் என்கிறார்கள். சக்கரம் உருளாமல் குதிப்பது. போன ஏப்ரலில், மிச்சிகன் சாலைகளில் பனிக்காலத்தில் கொட்டிய உப்பெல்லாம் மழையில் கழுவிப்போன பிறகு முதல் தடவையாக வண்டியை வெளியே எடுத்த நாளில் நடந்தது இது. அன்றைக்குத் தொடங்கிய வேலை ஆகஸ்ட் வரை இழுத்தது.

வண்டி 1968 செவர்லே கமாரோ. ஆலையிலிருந்து வந்தபோது 327 கன அங்குல எஞ்சின். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதை எடுத்துவிட்டு, நன்றாகத் தேற்றிய ஒரு 350 எஞ்சினைப் போட்டிருந்தார். நாலு கியர் மன்சி கியர்பாக்ஸ், 3.55 விகித டிஃபரன்ஷியல், அதில் பாசிட்ராக்‌ஷன், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் முறுக்கை அனுப்பும் அமைப்பு. எஞ்சினுக்குச் செலவு செய்தவர் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. ஆலையில் மாட்டிய அதே ஒற்றைப் பட்டை, பக்கத்துக்கு ஒன்றாக, அப்படியே இருந்தது.

பட்டை என்று நான் சொல்வது நம் லாரிப் பட்டறைகளில் சொல்கிற அதே பட்டைதான், லீஃப் ஸ்பிரிங். என் மாமா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். பட்டை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பத்துப் பன்னிரண்டு தகடுகளை அடுக்கி நடுவில் சென்டர் போல்ட் போட்டு இறுக்கியதுதான் ஞாபகம் வரும். கமாரோவின் அடியில் முதல்முதலாகப் படுத்துப் பார்த்தபோது ஒரே ஒரு தகடுதான் இருந்தது. நடுவில் தடிமனாகவும் இரண்டு ஓரத்துக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். செவர்லே இந்த ஒற்றைப் பட்டையை 1962-இல் செவி 2 என்ற சின்னக் காரில் கொண்டுவந்தது. எடை குறைவு, தகடுகளுக்கு இடையே உராய்வும் கிறீச்சும் இல்லை. சாதுவான எஞ்சினுக்கு அது நல்ல பட்டைதான். 1967 கமாரோவில் பெரிய எஞ்சின்களுக்குப் பின்னாலும் அதையே போட்டபோதுதான் சக்கரம் குதிக்கத் தொடங்கியது. அதனால் 1968-இல் பின் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாட்டினார்கள். சக்தி அதிகமான வண்டிகளுக்குப் பல தகட்டுப் பட்டையும் கொடுத்தார்கள். என்னுடையது ஷாக் மாறிய வருஷத்து வண்டி, பட்டை மட்டும் பழைய ஒற்றை.

எங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பாகம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிஃபரன்ஷியல் மூக்கில், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் சேர்கிற பினியன் இருக்கிற இடத்தில், வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டேன். பழைய போன் ஒன்றைக் கெட்டித் துணியில் சுற்றி, காந்தப் பிடியில் வைத்து, தரைத் தகட்டின் அடியில் ஆக்சிலைப் பார்த்தபடி மாட்டினேன். ஸ்லோ மோஷனில் வைத்துவிட்டு, ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் இரண்டு தடவை கிளம்பினேன்.

அந்த வீடியோவை இதுவரை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். கிளட்ச் பிடித்ததும் வெள்ளைக் கோடு மேலே ஏறுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்சில் ஹவுசிங் அதற்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதனால் மூக்கு மேலே போகும். அதைப் பிடித்து நிறுத்த இந்த வண்டியில் பட்டையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆக்சிலுக்கு முன்பக்கத்துப் பாதிப் பட்டை பாம்புபோல் வளைகிறது, ஒரு இடத்தில் கீழ்நோக்கி, அடுத்த இடத்தில் மேல்நோக்கி. தாங்க முடியாத அளவுக்கு முறுக்கேறியதும் டயர் பிடியை விடுகிறது. விட்டதும் பட்டை தெறித்துப் பழைய நிலைக்கு வருகிறது, டயர் தரையில் மோதுகிறது, மறுபடியும் பிடிக்கிறது, மறுபடியும் முறுக்குகிறது. ஒரு நொடிக்குள் இது எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. அந்தச் சம்மட்டிச் சத்தம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் சுமார் 360 அடி-பவுண்டு முறுக்கு கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் 2.52, டிஃபரன்ஷியல் 3.55. மூன்றையும் பெருக்கினால் 3,200 அடி-பவுண்டுக்கு மேல் வருகிறது. அத்தனை முறுக்கையும் எதிர்த்து நிற்க வேண்டியது இரண்டரை அங்குல அகலமுள்ள இரண்டு ஒற்றைத் தகடுகள். அவை இத்தனை நாள் உடையாமல் இருந்ததே பெரிது.

கழற்றுவதற்கு ஒரு வார இறுதி போதும் என்று நினைத்திருந்தேன். மூன்று ஆனது. பட்டையின் முன் கண், அதாவது முன் நுனியில் சுருட்டிய வளையம், பாடியில் மாட்டிய ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கூட்டையும் 3 போல்ட்கள் பிடித்திருக்கின்றன. அவற்றின் நட்டுகள் பாடிக்குள்ளே, கை எட்டாத இடத்தில். ஐந்து நாள் காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெய் அடித்தேன். ஐந்து போல்ட்கள் வந்துவிட்டன. ஆறாவது, இடது பக்கம் உள்ளோரத்தில் இருந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. உள்ளே நட்டின் கூண்டு துருவில் கரைந்துபோயிருந்தது. பின்சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்து, தரைத் தகட்டில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக வெட்டி, அந்த வழியாக ஸ்பேனரை விட்டுப் பிடித்துத்தான் கழற்ற முடிந்தது. வெட்டிய துண்டை அப்புறம் திரும்ப வைத்து வெல்டு அடித்து, பிரைமர் பூசி, சீலன்ட் வைத்து மூடினேன். இந்த வேலையில் இறங்குகிற யாரும் புது நட்டுகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன் கண்ணின் ரப்பர் புஷ்ஷை வெளியே எடுத்தபோது அது ரப்பராகவே இல்லை. விரலால் தேய்த்தால் காபித்தூள்போல் உதிர்ந்தது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் மெத்தை, கசிந்த கியர் ஆயிலில் ஊறிக் கூழாகி, ஒரு பக்கம் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. அதாவது யூ போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆக்சில் அந்தக் கூழின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பட்டையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று அப்போது தோன்றியது.

முதல் சுற்றில் நான் செய்தது பலரும் செய்வதுதான். ஒற்றைப் பட்டையை எடுத்துவிட்டுப் பல தகட்டுப் பட்டை, அதற்கேற்ற கீழ்த் தகடு, புதிய புஷ்கள், புதிய ஷாக்கிள்கள் எல்லாம் மாட்டினேன். புஷ் போல்ட்களை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டியின் முழு எடையும் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. முன்னாலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கும்போது முறுக்கிக் கிழியும்.

பலன் இருந்தது. குதிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் பின்பக்கம் கல்லாக இறுகிவிட்டது; சாலைப் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் தெரிந்தது. வேகமாகக் கிளம்பினால் குதிப்பதற்குப் பதிலாக டயர் சும்மா சுற்றியது. வீடியோவில் வெள்ளைக் கோடு இன்னும் ஏறத்தான் செய்தது.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் கிரைஸ்லரின் பிளிமத் கார் ஓட்டிப் பந்தயத்துக்குப் போனவர். வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "பட்டைக்கு எத்தனை வேலை கொடுத்திருக்கிறாய் என்று எண்ணிப் பார்" என்றார். எண்ணினேன். வண்டியின் எடையைத் தாங்குவது, ஆக்சிலை நேராக வைத்திருப்பது, வண்டியை முன்னால் தள்ளுவது, ஆக்சில் முறுக்காமல் பிடிப்பது. நாலாவதை அதனிடமிருந்து வாங்கிவிடு, மற்ற மூன்றையும் நன்றாகச் செய்யும் என்றார் அவர். அவருடைய பழைய பிளிமத்தில் பட்டையின் முன்பாதி குட்டையாகவும் பின்பாதி நீளமாகவும் இருக்குமாம். கிரைஸ்லர் வண்டிகளின் பழக்கம் அது. குட்டையான முன்பாதி சுலபத்தில் முறுக்காது. அதனால்தான் அவை அந்தக் காலத்தில் பிடித்து ஓடின. கமாரோவில் அந்த வசதி இல்லை. பட்டையைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் முறுக்கு குறையும், ஆனால் வண்டி மாட்டு வண்டியாகிவிடும். நான் போய்க்கொண்டிருந்தது அந்த வழியில்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

முறுக்கைப் பிடிக்க வேறு ஒரு கம்பி வேண்டும். பழைய முறை, பட்டையின் அடியில் ஒரு தடித்த சட்டத்தை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டி, முன் நுனியில் ரப்பர் வைப்பது. மூக்கு மேலே ஏறும்போது ரப்பர் முன் கண்ணின் கீழே போய் முட்டி நிற்கும். வேலை செய்யும், ஆனால் முட்டும்போது ஒரே அடியாக முட்டும், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியையும் தின்றுவிடும். நான் எடுத்தது கால்வர்ட் ரேசிங் செய்கிற கால்ட்ராக் கம்பி.

அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. முன் கண் போல்ட்டில் ஒரு முக்கோணத் தகடு கதவுக் கீல்போல் சுழலும்படி மாட்டப்படுகிறது. அதன் கீழ் முனையிலிருந்து ஒரு கம்பி பின்னால் போய், ஆக்சிலின் அடியில் இணைகிறது. முக்கோணத்தின் பின் முனையில் ஒரு உருளை, பட்டையின் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இப்போது கிளட்சை விடுங்கள். ஆக்சிலின் மூக்கு மேலே போகப் பார்க்கிறது, அதனால் அதன் அடிப்பாகம் முன்னால் வருகிறது. அடிப்பாகம் கம்பியை முன்னால் தள்ளுகிறது, கம்பி முக்கோணத்தின் கீழ் முனையைத் தள்ளுகிறது, முக்கோணம் சுழன்று அதன் உருளை பட்டையைக் கீழே அழுத்துகிறது. பட்டையை மேலே வளைக்கப் பார்த்த அதே முறுக்கு, இப்போது அதைக் கீழே அமுக்குகிறது. எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறோமோ அவ்வளவு பலமாக டயர் தரையில் பதியும். சாதாரணமாக ஓட்டும்போது கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், பட்டை தன் போக்கில் ஆடும். அதனால் பட்டையில் ஒரு தகட்டைக் கழற்றி மென்மையாக்கவும் முடிந்தது.

மாட்டுவது ஒரு நாள் வேலை. கைப்பிரேக் கேபிள் ஒரு பக்கம் கம்பியில் உரசியது. கிளிப் போட்டு ஒதுக்கினேன். நேரம் பிடித்தது கம்பியின் நீளத்தைச் சரி செய்வதில்தான். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும், ஓட்டுபவரின் எடை சீட்டில் இருக்க வேண்டும், ஆனால் நானோ அடியில் படுத்திருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் தடித்த பலகைகளை அடுக்கித் திருகாணி போட்டு மேடை கட்டி, வண்டியை அதன்மேல் ஏற்றினேன். என் எடை 170 பவுண்டு. மனைவியை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லி, மடியில் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டை இரண்டைக் கொடுத்தேன். கணக்குச் சரியாக வந்தது.

"என்னங்க, இறங்கட்டுமா? கால் மரத்துப் போச்சு."

"இரும்மா, வலது பக்கம் இன்னும் ஒரு சுத்து இருக்கு."

இடது பக்கக் கம்பியில் உருளை பட்டையைத் தொட்டதும் நிறுத்தினேன். வலது பக்கம் தொட்ட பிறகும் கொஞ்சம் கூடுதலாக நீட்ட வேண்டும். ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் எஞ்சினின் முறுக்கு ஆக்சிலை இடது சக்கரத்தின் மேல் அமுக்கி, வலது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். வலது கம்பியில் முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம் அதைச் சமன் செய்யும். நட்டின் ஆறு முகங்களில் மூன்று முகம் சுற்றினேன். அது அதிகம் என்று பிறகு தெரிந்தது.

பினியன் கோணத்தையும் இதே நிலையில்தான் பார்த்தேன். ஷாஃப்ட்டோடு ஒப்பிட்டால் மூக்கு 2 டிகிரி கீழ்நோக்கி இருக்கும்படி ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்தேன். முழு முறுக்கில் அது கொஞ்சம் ஏறி நேர்கோட்டுக்கு வரும், யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கும் நல்லது. பின்னால் இறுக்கத்தை மாற்றக்கூடிய ஷாக், முன்னால் சுலபமாக நீளும் ஷாக். கிளம்பும்போது முன்பக்கம் தடையில்லாமல் எழும்பினால்தான் எடை பின்னால் போகும். டயர் 235/60, 15 அங்குல டிராக் ரேடியல், பந்தயப் பிடிக்கென்றே செய்தது. இதையெல்லாம் செய்துவிட்டுச் சாதாரண டயரைப் போடுவது கஞ்சத்தனம்.

ஜூலையில் ஒரு மாலை, கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் ஓடும் மிலன் டிராக் பாதைக்குக் கொண்டுபோனேன். மே மாதம், பல தகட்டுப் பட்டையும் சாதாரண டயரும் இருந்தபோது இதே இடத்தில் ஓடிய சீட்டு கையில் இருந்தது: முதல் 60 அடிக்கு 2.36 நொடி, கால் மைலுக்கு 14.31. இந்தத் தடவை முதல் ஓட்டத்தில் டயர் பிடித்த பிடியில் தலை சீட்டில் மோதியது, அதே வேகத்தில் வண்டி இடது பக்கம் நழுவியது. காலை எடுத்துவிட்டேன். வலது கம்பியில் அழுத்தம் அதிகம். வலது சக்கரம் கூடுதலாகத் தள்ளி மூக்கை இடதுபுறம் திருப்புகிறது. வரிசையில் காத்திருந்த நேரத்தில் அடியில் படுத்து இரண்டு முகம் தளர்த்தினேன். இரண்டாவது ஓட்டம் நேராகப் போனது: 60 அடி 2.04. ஆனால் கிளம்பி ஒரு வண்டி நீளம் போனதும் டயர் ஒரு கணம் வழுக்கியது. வீடியோவில் காரணம் தெரிந்தது. பின்பக்கப் பாடி விசுக்கென்று மேலே எழும்பி, எழும்ப இடம் தீர்ந்ததும் சக்கரத்தின் மேலிருந்த அழுத்தத்தை விட்டுவிடுகிறது. பின் ஷாக் நீள்வதை இரண்டு படி இறுக்கினேன், டயர் காற்றை 20 பவுண்டிலிருந்து 18-க்குக் குறைத்தேன். கடைசி ஓட்டத்தில் 1.94, கால் மைல் 13.62.

எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைத்த கிட்டத்தட்ட 0.7 நொடி இது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சிக்னலில் கிளம்பும்போது பானட்டுக்குள் 'டங்' என்றது. கேரேஜில் திறந்து, கைப்பிரேக்கைப் போட்டு, மனைவியை லேசாகக் கிளட்ச் விடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினின் இடது பக்கம் இரண்டு அங்குலம் எழும்பி இறங்கியது. மவுன்ட் ரப்பர் கிழிந்துவிட்டது. முன்பு டயர் சுற்றியும் குதித்தும் வீணாகிக்கொண்டிருந்த முறுக்கு, இப்போது வெளியேற வழியில்லாமல் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. அந்த மவுன்ட் யாரோ எப்போதோ மாட்டிய, பெயரில்லாத மாற்றுப் பாகம். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் எழும்பினால் ஆக்சிலேட்டர் இணைப்பும் கூடவே இழுபட்டு, காலை எடுத்த பிறகும் வேகம் குறையாமல் போகலாம். இந்த ஆபத்துக்காகவே 1971 டிசம்பரில், 1965 முதல் 1969 வரை செய்த சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்து எஞ்சினுக்கு ஒரு தடுப்புக் கம்பிவடம் மாட்டினார்கள். என் வண்டியில் அந்த வடம் இல்லை. எஞ்சின் மாற்றியபோது எடுத்திருப்பார்கள். ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் பிரியாதபடி உள்ளே கொக்கி போட்ட மவுன்ட்களை இரண்டு பக்கமும் மாட்டினேன், வடமும் போட்டேன். பின்பக்கத்துப் பிடியைக் கூட்டுகிற யாரும் எஞ்சின் மவுன்ட்டையும் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். நான் கடைசியில் பார்த்தேன்.

50 மைல் ஓடிய பிறகு யூ போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். நான்கில் மூன்று கால் சுற்று எடுத்துக்கொண்டன. புதிய ரப்பர் மெத்தை அமுங்கிப் படியும், அதனால் இது கட்டாயம். அப்புறம் பழைய தொழிற்பேட்டைச் சாலைக்கே போய், அதே போனை அதே இடத்தில் மாட்டிக் கிளம்பினேன். வெள்ளைக் கோடு ஒரு நகத்தின் அகலம் ஏறி அங்கேயே நின்றது. சாலையில் இரண்டு கோடுகள், இடதும் வலதும் ஒரே நீளத்தில், எங்கும் விட்டுப்போகாமல். பெரியவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து ஒரு கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உன் டிஃபரன்ஷியலில் எத்தனை போல்ட் என்று கேட்டார். பத்து என்றேன். அதைவிடப் பலமான 12 போல்ட் ஹவுசிங் ஒன்று அவருடைய நண்பரின் கொட்டகையில் சும்மா கிடக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.